சுகர் இருக்குறவங்களுக்குத் தொற்றுக் காய்ச்சல் வந்தா வீட்ல என்ன செய்யணும்: முதல் தடவை பாத்துக்குறவங்களுக்கு

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல இருந்தப்போ எங்கப்பா நாலு நாள் ஆஸ்பத்திரில ஆக்ஸிஜன்ல இருந்துட்டு, கொஞ்சம் தேறினதும் ஸ்டீராய்டு மாத்திரையோட வீட்டுக்கு வந்தார். அவருக்கு சுகர் 14 வருஷமா இருக்கு. நாங்க வழக்கம்போல காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல மட்டும் குத்திப் பாத்தோம், மொத நாள் 128, மறுநாள் 134, பரவால்லயே கன்ட்ரோல்ல இருக்குன்னு நிம்மதியா இருந்துட்டோம். மூணாவது நாள் சாயங்காலம் சொம்பு சொம்பா தண்ணி கேக்குறார், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூம் போறார், நாக்கு ஒட்டுதுன்றார். எதுக்கும் ஒருதரம் பாத்துருவோம்னு தங்கச்சி சொன்னா. குத்திப் பாத்தா 438. ரெண்டு நாளா சாயங்காலமெல்லாம் அப்படித்தான் ஏறி இருந்திருக்கு, நாங்கதான் பாக்கல.

யாராவது அப்பவே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும்னு இன்னைக்கும் தோணும், அதனாலதான் இத எழுதுறேன். கொரோனாவுக்குன்னு எழுதுனாலும் ஃப்ளூ, டெங்கு, நாளைக்கு வரப்போற வேற ஏதோ ஒரு வைரஸ், எதுக்கும் அடிப்படை இதுதான். நான் டாக்டர் கிடையாது, மருந்து அளவக் கூட்டுறது குறைக்குறது எல்லாம் உங்க டாக்டர்தான் சொல்லணும், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும், வீட்ல என்ன பாத்து எழுதி வைக்கணும்னு தெரிஞ்சிருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். காய்ச்சல் வந்தா உடம்பு அத எதிர்த்துப் போராடுறதுக்காக கார்டிசால், அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள அதிகமா விடும், அதெல்லாம் கல்லீரல்ல இருக்குற சர்க்கரைய ரத்தத்துக்குள்ள இறக்கிவிடும், இன்சுலின ஒழுங்கா வேலை செய்யவும் விடாது. அதனால ஒரு வாய் சாப்பிடாம படுத்திருந்தாலும் சுகர் ஏறும். "எதுவுமே சாப்பிடலையே, எப்படி 300 வரும்?"னு கேக்காத வீடே இல்ல, பதில் இதுதான்.

காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு வைக்க வேண்டியது

தொற்று பரவுதுன்னு செய்தி வந்ததுமே மாத்திரை, இன்சுலின் எல்லாம் மூணு நாலு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கணும். 2020 மார்ச் 25 ஊரடங்கு போட்டப்போ மாத்திரை தீந்துபோய் தெருத்தெருவா மெடிக்கல் தேடுனவங்க எத்தன பேர்னு ஞாபகம் இருக்கும். அதுக்காக ஒரு வருஷத்துக்கு வாங்கிக் குவிக்க வேணாம், அடுத்தவங்களுக்கும் வேணும், மருந்துக்கும் தேதி இருக்கு.

குளுக்கோமீட்டர் இல்லன்னா வாங்கிருங்க. இருந்துச்சுன்னா ஸ்ட்ரிப் டப்பால தேதி பாருங்க, தேதி முடிஞ்ச ஸ்ட்ரிப் தப்பாக் காட்டும், மூடிய நல்லா மூடி வைக்கலன்னாலும் ஈரம் பட்டுக் கெட்டுரும். மீட்டருக்குள்ள ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கும், நிறைய மீட்டர்ல சிஆர் 2032 தான், ஒன்னு வாங்கி டப்பாவுலயே போட்டு வைங்க, ராத்திரி 11 மணிக்கு அது செத்துப்போனா எந்தக் கடையும் தொறந்திருக்காது. தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பாராசிட்டமால், நாலஞ்சு ஓஆர்எஸ் பாக்கெட், குளுக்கோஸ் பவுடர் ஒன்னு, சிறுநீர்ல கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு சர்க்கரைக்குப் பதிலா கொழுப்ப எரிக்கும்போது வர்ற அமிலம்) பாக்குற ஸ்ட்ரிப் ஒரு டப்பா. இவ்வளவுதான், ஒரு பழைய பிஸ்கட் டின்ல அடங்கிரும்.

இன்சுலின் போடுறவங்க இத நல்லா கவனிங்க. நம்ம ஊர்ல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனால வர்றது 100 யூனிட். 40 யூனிட் பாட்டிலுக்கு 40 யூனிட் சிரிஞ்சுதான், சிவப்பு மூடி. அவசரத்துல கடைல ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்ச் குடுத்து, வீட்ல வழக்கமா போடுற கோடு வரைக்கும் இழுத்தா பாதிக்கும் கம்மியாத்தான் உள்ள போகும். திருப்பி, பேனா கார்ட்ரிட்ஜ்ல இருந்து 40 யூனிட் சிரிஞ்ச்ல இழுத்தா ரெண்டரை மடங்கு போயிரும், அது உயிருக்கே ஆபத்து. வழக்கமா ஊசி போடுறவர் காய்ச்சல்ல படுத்துட்டா அன்னைக்குப் போடப்போறது நீங்கதான், அதனால இப்பவே ஒருதரம் பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கோங்க.

பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கட்டும், ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது, உறைஞ்சா அது குப்பைக்குத்தான். பிரிச்சு போட ஆரம்பிச்சது பெரும்பாலும் 28 நாள் தாங்கும், வெயில் படாத இடத்துல. கரண்ட் இல்லாத நேரம், ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு, இதுக்கு எங்க ஆச்சி காலத்து வழிதான், ஒரு பெரிய மண்பானைல பாதி ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்ன மண்சட்டி வச்சு, அந்தச் சட்டிக்குள்ள இன்சுலின பிளாஸ்டிக் டப்பால போட்டு, ஈரத் துணியால மூடிருவாங்க. மணல் காயாம தண்ணி தெளிச்சா போதும், சித்திரை வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும்.

தடுப்பூசிய தள்ளிப் போடாதீங்க. இந்தியால 2021 மார்ச் 1ல இருந்து 60 வயசுக்கு மேல உள்ளவங்களோட சேத்து, 45 தாண்டின இணை நோய்க்காரங்களுக்கும் முன்னாடியே போட ஆரம்பிச்சாங்கன்னா காரணம் இருக்கு, கட்டுக்குள்ள இல்லாத சுகர்ல கொரோனா ரொம்ப மோசமாத் தாக்குச்சு. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும், நிமோனியா ஊசியும் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

காய்ச்சல் வந்த அன்னைக்கு: ஒரு நோட்டு எடுங்க

எங்க வீட்ல பழைய டைரி ஒன்னு கெடந்துச்சு, அதுல கோடு போட்டு நேரம், சுகர், காய்ச்சல், ஆக்ஸிஜன், சாப்பிட்டது, குடிச்சது, போட்ட மருந்துன்னு ஏழு கட்டம். 438 வந்த ராத்திரி அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனோம், அஞ்சு நிமிஷத்துல இன்சுலின் எவ்வளவுன்னு சொல்லிட்டார். மொத நாளே இப்படி எழுதிருந்தா மொத நாளே சொல்லிருப்பார். "காலைல கொஞ்சம் ஏறுச்சு டாக்டர், அப்புறம் இறங்குச்சு"ன்னு வாயால சொன்னா அவரால ஒன்னும் செய்ய முடியாது.

சுகர நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் பாருங்க. ராத்திரியும் ஒருதரம். கைய சோப்புப் போட்டுக் கழுவி நல்லா தொடைச்சிட்டுக் குத்தணும், சானிடைசர் ஈரத்தோட குத்துனா நம்பர் மாறும், மாம்பழம் சாப்பிட்ட கையோட குத்துனாலும் மாறும், எங்க சித்திக்கு அப்படி 310 காட்டி பதறிப்போய், கழுவிட்டுக் குத்துனா 165. விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்துனா வலி கம்மி.

நம்பருக்குப் பதிலா "ஹை"ன்னு மீட்டர்ல வந்தா, மீட்டர் அளக்குற எல்லையையே தாண்டிருச்சுன்னு அர்த்தம், பெரும்பாலான மீட்டர்ல அது 600. அப்ப யோசிக்கவே வேணாம், ஆஸ்பத்திரிதான்.

மருந்த நிறுத்தலாமா கூடாதா

அதிகமா தப்பு நடக்குறது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

இன்சுலின் போடுறவங்க, சாப்பிடலன்னு சொல்லி இன்சுலின முழுசா நிறுத்தவே கூடாது. உடம்புல இன்சுலினே சுரக்காத டைப் 1 சுகர் இருக்குற புள்ளைங்களுக்கு நிறுத்துனா ஒரே நாள்ல கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாயிரும், உயிர் போற விஷயம். காய்ச்சல்ல பல பேருக்கு வழக்கத்தவிட அதிகமாவே தேவைப்படும். நீண்ட நேரம் வேலை செய்யுற இன்சுலின் அப்படியே தொடரணும், சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறத மட்டும் சாப்பிடுற அளவப் பொறுத்து எவ்வளவு குறைக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுப் போடுங்க.

மாத்திரைல விஷயம் வேற. கிளிமெபிரைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம படுத்தா சுகர் தாழ்ந்துரும், அதனால சரியா சாப்பிட முடியாத நாள்ல அத என்ன செய்யுறதுன்னு கேக்கணும். மெட்ஃபார்மின், வாந்தி பேதி இருந்து உடம்புல தண்ணி வத்திப்போனா டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுவார். அப்புறம் பேர் "கிளிஃப்ளோசின்"னு முடியுற மாத்திரைகள், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி, இது சர்க்கரைய மூத்திரத்துல வெளியேத்துற ரகம். காய்ச்சல், வாந்தி, சாப்பிடாம இருக்குறது இதோட சேத்து இதப் போட்டா சுகர் 200க்குக் கீழ இருக்கும்போதே கீட்டோன் ஏறிரும், மீட்டர் நல்ல நம்பர் காட்டுதுன்னு வீட்ல யாருக்கும் சந்தேகமே வராது. 2020 கடைசில டாபாகிளிஃப்ளோசின் பேட்டன்ட் முடிஞ்சு விலை குறைஞ்சதுக்கப்புறம் இத நிறையப் பேர் போடுறாங்க, நீங்க போடுற மாத்திரைல இது கலந்திருக்கான்னு அட்டைய திருப்பிப் பாருங்க, ஒரே மாத்திரைல மெட்ஃபார்மினோட கலந்தும் வருது. இருந்தா காய்ச்சல் வந்த அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க.

சுகர் 250க்கு மேல நின்னா, இல்ல இந்த கிளிஃப்ளோசின் மாத்திரை போடுறவங்களுக்கு வாந்தி, வயித்து வலி வந்தா, சிறுநீர்ல கீட்டோன் பாருங்க. லேசா வந்தா தண்ணி அதிகமாக் குடுத்து டாக்டருக்குப் பேசுங்க, ஸ்ட்ரிப் டப்பால இருக்குற கலரோட ஒப்பிட்டா ரெண்டு பிளஸ் (++) அதுக்கு மேலன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருங்க. இதுல ஒரு குழப்பம் இருக்கு. கீட்டோன் ஏறுனவங்க ஆழமா வேகவேகமா மூச்சு விடுவாங்க, வாய்ல ஒருமாதிரி பழ வாடை அடிக்கும். கொரோனா நேரத்துல அத நுரையீரல் மூச்சுத்திணறல்னு நெனைச்சுக்குறோம். ஆக்ஸிஜன் 97 இருக்கு, ஆனா மூச்சு வாங்குதுன்னா சுகரையும் கீட்டோனையும் பாக்காம விடாதீங்க.

பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்த வேணாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், உடம்பு வலிக்குதுன்னு வலி மாத்திரைய தானா வாங்கிப் போடாதீங்க, சுகர்ல கிட்னி ஏற்கனவே களைச்சிருக்கும்.

சாப்பாடு, தண்ணி

சுகர் ஏறுதேன்னு பட்டினி போடாதீங்க, பட்டினி கீட்டோன ஏத்தும். கொஞ்சம் கொஞ்சமா, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், ரெண்டு இட்லி, ரசம் சாதம், மோர்க் கஞ்சி, பாசிப்பயறு போட்ட கஞ்சி, ஒரு முட்டை. வாய்க்குப் பிடிச்சது எதுவோ அது. சுகர் 200க்கு மேல இருக்கும்போது குடிக்குறதுக்கு வெறும் தண்ணி, உப்புப் போட்ட மோர், ரசம், சீரகத் தண்ணி. சுகர் தாழ்வா இருக்கு, சாப்பாடும் இறங்கலன்னா அப்ப கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ். ஓஆர்எஸ்ல சர்க்கரை இருக்கேன்னு பயப்படுறாங்க, ஒரு லிட்டர்ல இருக்குறதே 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளர்ல மூணு கிராம் கூட வராது, வாந்தி பேதில தாராளமா குடுக்கலாம். ஆனா கடைல ஓஆர்எஸ் மாதிரியே இருக்குற ஜூஸ் டப்பா வேற, அதுல சர்க்கரை அள்ளிப் போட்டிருப்பான், பாக்கெட்ல கலக்குற பவுடர் தான் வாங்கணும். கிட்னி, இதயப் பிரச்னை உள்ளவங்க எவ்வளவு தண்ணி, இளநீர் குடிக்கலாமான்னு தனியா கேட்டுக்கணும்.

பாக்க வர்ற சொந்தக்காரங்க அன்புலதான் சாத்துக்குடி ஜூஸும் சத்துமாவும் கொண்டு வருவாங்க. அப்புறம் கஷாயம். கபசுரக் குடிநீர் குடிக்குறவங்க குடிங்க, ஆனா சுகர் மாத்திரைக்குப் பதிலா அது கிடையாது, அதுல தேனோ கருப்பட்டியோ கலந்து அஞ்சு வேளை குடிச்சா அஞ்சு வேளை இனிப்பு சாப்பிட்ட கணக்குதான். கருப்பட்டி நாட்டு மருந்துன்னு உடம்புக்குத் தெரியாதுங்க, ரத்தத்துல அதுவும் சர்க்கரைதான். இருமல் மருந்துல சர்க்கரை இல்லாததுன்னு கேட்டா மெடிக்கல்லயே குடுப்பாங்க.

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்னு கோவம், உளறல் இதெல்லாம் சுகர் தாழுற அறிகுறி. 70க்குக் கீழ வந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணில கலந்து குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறலன்னா இன்னொருதரம். நினைவில்லாம இருந்தா வாய்ல எதையும் ஊத்தக் கூடாது, 108.

ஸ்டீராய்டு குடுத்திருந்தா

டெக்ஸாமெதசோன் கொரோனால உயிரக் காப்பாத்துச்சு, 2020 ஜூன்ல இங்கிலாந்து ஆராய்ச்சில அது தெரிஞ்சுச்சு, ஆனா ஆக்ஸிஜன் தேவைப்பட்டவங்களுக்குத்தான் பலன், தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்ல. ரெண்டாவது அலைல லேசான காய்ச்சலுக்கே தானா வாங்கிப் போட்டவங்க நிறைய. சுகர் உள்ளவங்க அத செய்யவே கூடாது.

டாக்டர் எழுதிக் குடுத்து போடுறீங்கன்னா, காலைல போடுற ஸ்டீராய்டு மத்தியானம் சாப்பிட்டதுல இருந்து ராத்திரி வரைக்கும் சுகர ஏத்தும், விடியக்காலம் இறங்கிரும். வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் பாத்தா எங்கள மாதிரி ஏமாந்துருவீங்க. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும், ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்னாடியும் கட்டாயம் பாருங்க.

இன்னொன்னு கருப்புப் பூஞ்சை. ஏறிப்போன சுகரும் ஸ்டீராய்டும் சேந்த உடம்புதான் அதுக்கு வசதி, 2021 மே மாசம் அது அவ்வளவு பேருக்கு வந்து ஆம்போடெரிசின் மருந்து கிடைக்காம அலைஞ்சது நமக்குத் தெரியும். மூக்கு ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, கருப்பா சளி, கன்னத்துல ஒரு பக்கம் வீக்கம் இல்ல மரத்துப் போறது, பல் ஆடுறது, ரெண்டு ரெண்டாத் தெரியுறது, இதுல ஏதாவது ஒன்னு இருந்தா மறுநாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர். ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட வரும். நாங்க தினம் காலைல ஜன்னல் வெளிச்சத்துல அப்பாவ உக்கார வச்சு, மூக்கு, கண்ணு, வாய்க்குள்ள அண்ணம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாப்போம்.

எப்ப கிளம்பணும்

ஆக்ஸிஜன் 94க்குக் கீழ வந்தா டாக்டர்கிட்ட பேசணும், 90க்குக் கீழன்னா நேரா ஆஸ்பத்திரி. நெயில் பாலிஷ், மருதாணி இருந்தா ஆக்ஸிமீட்டர் சரியா காட்டாது, கை ஜில்லுன்னு இருந்தாலும் தேய்ச்சு சூடாக்கிட்டுப் பாருங்க. உக்காந்திருக்கும்போது 96, வீட்டுக்குள்ளயே ஆறு நிமிஷம் நடந்தா 92ன்னு இறங்குனா அதுவும் ஆபத்துதான். அப்புறம் சுகர் ரெண்டு தடவை தொடர்ந்து 300க்கு மேல, நிக்காத வாந்தி, ஒரு மடக்கு தண்ணி கூட தங்கல, மயக்கம், குழப்பமா பேசுறது, நெஞ்சு வலி. சுகர் ரொம்ப வருஷமா உள்ளவங்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலே மாரடைப்பு வரும், வெறும் வேர்வையும் சோர்வும்தான் இருக்கும். 108 கூப்பிடுங்க, சந்தேகம் கேக்க 104 இருக்கு. போகும்போது அந்த நோட்டு, மாத்திரை அட்டைங்க, இன்சுலின், மீட்டர் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போங்க.

வெளிய போக முடியாத காலத்துல ரெகுலர் மாத்திரைக்கு, தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, சுகர், பிரஷர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்து வைங்க.

காய்ச்சல் விட்டப்புறம்

இந்த இடத்துல நாங்க ரெண்டாவது தப்பு பண்ணிட்டோம். ஸ்டீராய்டு மாத்திரைய டாக்டர் படிப்படியா குறைச்சுட்டே வந்தார், நாங்க இன்சுலின மட்டும் அதே அளவுல போட்டுட்டு இருந்தோம். ராத்திரி 3 மணி இருக்கும், அப்பா படுக்கை நனைஞ்சு போற அளவுக்கு வேர்த்துக் கெடக்குறார், கூப்பிட்டா "ம்"னு மட்டும் சொல்றார், பாத்தா 58. பிஸ்கட் டின்ல இருந்த குளுக்கோஸ்தான் அன்னைக்குக் காப்பாத்துச்சு. அதனால ஸ்டீராய்டு ஒரு மாத்திரை குறையும்போதெல்லாம் "இன்சுலின் எவ்வளவு குறைக்கணும்?"னு அதே போன்ல கேட்டுருங்க, அந்த வாரம் ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சு ஒருதரம் குத்திப் பாருங்க.

நடைப்பயிற்சிய உடனே பழைய வேகத்துல ஆரம்பிக்காதீங்க. சாப்பிட்டப்புறம் மொட்டை மாடில பத்து நிமிஷம் போதும், செருப்புப் போட்டுட்டு, வந்து பாதத்த திருப்பிப் பாத்துக் கழுவித் தொடைங்க. படுத்தே கெடந்தவங்களுக்கு குதிகால்ல புண் வந்திருந்தாலும் வலி தெரியாது.

காய்ச்சல்லதான் முதல்தடவையா சுகர் இருக்குன்னு தெரிஞ்சவங்களும் உண்டு. சில பேருக்கு அது ஸ்டீராய்டு நின்னதும் இறங்கிரும், சில பேருக்கு முன்னாடியே இருந்தது அப்பத்தான் வெளிய வந்திருக்கும். ரெண்டுல எதுன்னு நாமளா முடிவு பண்ணி மாத்திரைய விட்டுறாம, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்த டெஸ்ட்), கூடவே கிட்னிக்கு கிரியேட்டினினும் எடுத்துட்டு டாக்டரப் பாருங்க, அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.